லாக்ஸ் சடையில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

லாக்ஸ் (ட்ரெட்லாக்ஸ்) என்பது முடியைச் சீவாமல் தனித்தனிச் சடைகளாகப் பின்னி இறுகவிடுவது. அதை வளர்க்கும்போது வரும் தொல்லைகள் பலவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சடைக்குள் வெள்ளையாகத் தெரிவது ஜெல் படிவாக இருக்கலாம், பொடுகாக இருக்கலாம், தலையணையிலிருந்து ஒட்டிய பஞ்சாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று பார்க்காமல் கையில் கிடைத்ததைப் பூசினால் இருந்த தொல்லையோடு புதிதாக ஒன்றும் சேரும். சடைக்குள் போனது லேசில் வெளியே வராது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று விஷயம் பாருங்கள். தொல்லை எங்கே இருக்கிறது: தோலிலா, வேரிலா, நடுவிலா, நுனியிலா? எப்போது தெரிகிறது: ஈரமாக இருக்கும்போது மட்டுமா, காய்ந்த பிறகுமா? கடைசியாக உங்கள் வழக்கத்தில் என்ன மாறியது: புது ஷாம்பு, புது கிரீம், அடிக்கடி முறுக்கத் தொடங்கியது, உயரத் தூக்கிக் கட்டியது? பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலேயே விடை கிடைத்துவிடும். என் கட்சி எளிது: எதையாவது சேர்ப்பதற்கு முன், கடைசியாகச் சேர்த்ததை நிறுத்திப் பாருங்கள்.

சடை எப்படிப் பிடிக்கிறது என்பதும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும். சீவுகிற தலையில் அது சீப்போடு போய்விடும். சடையில் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டு, மற்ற முடியையும் இறுக்கிப் பிடிக்கும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை தலையில் இருப்பது வெறும் முறுக்குதான். அப்புறம் நடுநடுவே முடிச்சு முடிச்சாகத் தடிக்கத் தொடங்கும். முழுதாக இறுக ஒரு வருடமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம்; சுருட்டை அதிகமானால் சீக்கிரம், நேர்முடியானால் தாமதம். ஒரே தலையில்கூட எல்லாம் ஒன்றாகப் பிடிக்காது. எனக்குப் பிடரிப் பக்கம் முந்திக்கொண்டது, உச்சி கடைசிவரை அடம்பிடித்தது.

தலைக்குக் குளித்ததும் முறுக்கு அவிழ்ந்துவிடுகிறது

தொடங்கிய புதிதில் இது கோளாறே இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக அவிழ்ந்தால், ஈரமாக இருக்கும்போதே முன்பு முறுக்கிய அதே திசையில் விரலால் முறுக்கிவிட்டுப் போங்கள். திசை மாறினால் அதுவரை பிடித்ததும் தளரும்.

ஒவ்வொரு முறையும் தலை முழுக்க அவிழ்கிறது என்றால், தொடங்கிய முறை உங்கள் முடிக்கு ஒத்துவரவில்லை. சீப்பால் சுற்றிவிட்ட ஒற்றைச் சுருள் நெருக்கமான சுருட்டை முடியில் நிற்கும், அலை அலையான முடியில் நழுவும். இரண்டு புரியாக முறுக்குவது இன்னும் கொஞ்சம் தாங்கும். நேர்முடிக்கு எதிர்த் திசையில் சீவிச் சிக்காக்குவதோ, குரோஷே ஊசியால் (முனையில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) உள்ளே கோப்பதோ இல்லாமல் வெறும் முறுக்கு நிற்காது.

முறை சரிதான், ஆனாலும் அவிழ்கிறது என்றால் கண்டிஷனரைச் சந்தேகப்படுங்கள். முடியை வழுக்க வைப்பதுதான் அதன் வேலை; சடை பிடிக்க வேண்டியது உராய்வு. சிலிக்கோன் கலந்த ஷாம்பு, சீரம் எல்லாம் இதே கணக்குதான். புதுச் சடைக்குத் தண்ணீர் கலந்த ஷாம்புவை மூக்கு வைத்த பாட்டிலில் ஊற்றி, தோலில் மட்டும் விட்டு விரல் நுனியால் தேய்த்தால் போதும். நுரை வழிந்து போகும்போதே சடையும் சுத்தமாகிவிடும். தலைக்கு மேல் மெல்லிய வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு குளித்தால் அவிழ்வது இன்னும் குறையும்.

குளிக்காமல் விட்டால் சீக்கிரம் சடைபிடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கான முடி வழுக்கும். சுத்தமான முடிதான் ஒன்றையொன்று பற்றும். ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது பொதுவாகச் சரியாக வரும். வியர்வை அதிகமானால் இன்னும் சீக்கிரமே கழுவலாம்.

முறுக்கி இரண்டு நாள்கூட ஆகவில்லை, சிலிர்த்து நிற்கிறது

விட்டுவிடுங்கள். சிலிர்த்து நிற்கும் முடிதான் அடுத்து உள்ளே போய்ப் பின்னிக்கொள்ளப் போகிறது. ஒவ்வொரு சிலிர்ப்புக்கும் ஜெல் போட்டு அடக்கினால், கீழே சொல்லப் போகிற இரண்டு பெரிய தொல்லைகளுக்கும் (படிவு, வேர் மெலிதல்) அஸ்திவாரம் போடுகிறீர்கள். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேரை முறுக்கினால் தாராளம்.

சடைக்குள் வெள்ளையாக, சாம்பலாக ஏதோ தெரிகிறது

வெளிச்சத்தில் ஒரு சடையை எடுத்து, தண்ணீரில் நன்றாக நனையுங்கள். நனைந்ததும் கொழகொழவென்று, பிசுபிசுப்பாக மாறினால் அது படிவு: ஜெல், கிரீம், சரியாக அலசாத ஷாம்பு, எண்ணெய், தூசி எல்லாம் சேர்ந்தது. நனைத்தாலும் மாறாமல் நூல் நூலாகத் தெரிந்தால் பஞ்சு. சடைக்குள் ஒன்றுமில்லை, வேரருகே தோலில் செதிலாக உரிகிறது என்றால் பொடுகு; அதற்கு அரிப்புப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

பஞ்சுதான் இருப்பதிலேயே வேண்டாத விருந்தாளி. மேலாக ஒட்டியதைச் சாமணத்தால் எடுக்கலாம். உள்ளே பின்னிப்போனதைத் தோண்டி எடுக்கப் போனால் அதோடு நல்ல முடியும் அறும். பழைய பஞ்சோடு சமாதானமாகிவிட்டு, புதிதாக வராமல் தடுப்பதுதான் புத்திசாலித்தனம். சாட்டின் தலையணை உறை அல்லது சாட்டின் தலைத்துணி, பூத்துவாலைக்குப் பதில் மைக்ரோஃபைபர் துண்டு, கம்பளித் தொப்பிக்கு உள்ளே ஒரு வழவழப்பான உள்துணி. இவ்வளவுதான்.

படிவுக்கு வருவோம். முதலில் அதை உண்டாக்கியதை நிறுத்துங்கள். அப்புறம் படிவு நீக்கும் கிளாரிஃபையிங் ஷாம்புவால் இரண்டு மூன்று குளியல் பாருங்கள். லேசான படிவு இதிலேயே போய்விடும். போகவில்லை என்றால் ஊறவைக்கலாம்: வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு பெரிய பாத்திரத்தில், இரண்டு மேசைக்கரண்டி பேக்கிங் சோடா, அதில் சடைகளை மட்டும் கால் மணி நேரம். தண்ணீர் கலங்கி வருவதைப் பார்த்தால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும். நன்றாக அலசிவிட்டு, ஒரு பங்கு ஆப்பிள் சிடர் வினிகருக்கு நான்கு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் கலந்து ஊற்றி, அதையும் அலசிவிடுங்கள்.

இந்த வரிசை முக்கியம். சோடாக் கரைசலின் பி.எச். அளவு 8-க்கு மேல். தலைத்தோலின் இயல்பு சுமார் 5.5. காரத்தில் முடியின் மேல் செதில்கள் விரிந்து முடி சொரசொரப்பாகும், அதைத் திரும்பப் படிய வைக்கத்தான் அடுத்து வினிகர். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிப் பொங்க வைப்பதைப் பல வீடியோக்களில் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்து, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். கரியமில வாயு காற்றில் போய்விடும். இந்த ஊறல் வருடத்தில் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். தோலில் புண் இருந்தால் அறவே வேண்டாம்.

படிவு கரையாமல் மெழுகுபோல விரலில் ஒட்டுகிறதா? அப்படியானால் அது மெழுகேதான். 'லாக் வாக்ஸ்' என்று விற்கப்படும் சில பொருள்களில் தேன்மெழுகு இருக்கும். அது தண்ணீரில் கரையாது, உருக 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், வெந்நீரால் கழுவி எடுக்கலாம் என்ற யோசனையை விட்டுவிடுங்கள். செய்யக்கூடியது இதுதான்: வெதுவெதுப்பான எண்ணெயைச் சடையில் நன்றாகப் பிசைந்து ஊற்றி மெழுகை இளக்கி, அப்புறம் அந்த எண்ணெயை வலுவான ஷாம்புவால் எடுப்பது. ஒரே தடவையில் முடியாது. வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். உள் மையம்வரை மெழுகு ஏறியிருந்தால் முழுதாக வராமலே போகலாம்.

வாடை வருகிறது

நனைந்திருக்கும்போது மட்டும் லேசான வாடை, காய்ந்ததும் இல்லை என்றால் வியர்வையும் படிவும்தான். மேலே சொன்ன கழுவல் போதும். நன்றாகக் காய்ந்த பிறகும், சடையைப் பிழிந்து முகர்ந்தால் காயாத துணியின் நாற்றம் வருகிறது என்றால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்திருக்கிறது. வெளியே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், மையம் ஈரமாகவே இருக்கும். தடிமனான சடை முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகும்.

வாசனைத் தெளிப்பான் அடித்து மறைப்பதை நிறுத்துங்கள். அதுவும் ஈரம்தான். கிளாரிஃபையிங் ஷாம்புவால் கழுவி, தண்ணீர் கலந்த வினிகரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். காயவைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வொரு சடையாக, வேரிலிருந்து நுனிவரை கையால் பிழியுங்கள், முறுக்கிப் பிழிய வேண்டாம். மைக்ரோஃபைபர் துண்டை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். துண்டு நனைந்தால் அடுத்த துண்டு. பிறகு வெயில், மின்விசிறி, மிதமான சூட்டில் ட்ரையர், எது கிடைக்கிறதோ அது. சடைகளை விரித்துப் போட்டு, அடிக்கடி புரட்டிவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்று தெரிய, இருப்பதில் தடிமனான சடையின் நடுவில் ஒரு மெல்லிய காகிதத்தைச் சுற்றி அழுத்திப் பாருங்கள். காகிதம் நனையக் கூடாது.

காலையிலேயே தலைக்குக் குளிப்பது நல்லது. ஈரத்தோடு படுக்கக் கூடாது, ஈரத்தோடு கொண்டை போடக் கூடாது, ஈரத்தோடு தொப்பியும் கூடாது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தும் ஒரு குறிப்பிட்ட சடையில் மட்டும் நாற்றம் போகவில்லை என்றால், அந்த இடத்துக்கு மேலே, வேர்ப் பக்கமாக வெட்டிவிடுவதுதான் வழி. மனசு கேட்காது, ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்க வேண்டாம்.

அரிப்பு, செதில், சிவப்பு

குளித்த மறுநாளே அரித்தால் ஷாம்பு சரியாக அலசப்படவில்லை என்று அர்த்தம். சடை இருக்கும் தலைக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அலசல் வேண்டும். முறுக்கிய அன்றும் மறுநாளும் அரித்தால் வேர் இறுக்கமாக இழுபடுகிறது என்று அர்த்தம்.

எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சளாகச் செதில் உரிந்தால் பொடுகோ, செபோரிக் டெர்மடைட்டிஸ் என்ற தோல் அழற்சியோ இருக்கலாம். இங்கேதான் பலரும் எண்ணெயைத் தூக்குகிறார்கள். பொடுகோடு தொடர்புடைய மாலசீசியா என்ற பூஞ்சைக்குச் சாப்பாடே கொழுப்பு அமிலங்கள்தான். எண்ணெய் ஊற்றினால் அதற்குப் பந்தி வைத்ததாகும். சிங்க் பைரிதியோன் அல்லது கீட்டோகோனசோல் உள்ள ஷாம்புவை நேராகத் தோலில் விட்டு, மூன்று முதல் ஐந்து நிமிடம் வைத்திருந்து அலசுங்கள். வாரம் இருமுறை, சில வாரங்கள். அந்த நாள்களில் காயவைக்கும் வேலை இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தடித்த வெள்ளிநிறச் செதில், சீழ், காதுக்குப் பின்னால் நீர்க்கசிவு என்று எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் போங்கள். சடையை எடுக்காமலே வைத்தியம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், பல நேரம் முடியும்.

வேர் மெலிந்துகொண்டே போகிறது, நெற்றி ஓரம் ஏறுகிறது

இந்தப் பட்டியலில் தள்ளிப்போடவே கூடாத ஒன்று இதுதான். மற்றதெல்லாம் முடியின் பிரச்சினை, இது முடி முளைக்கும் குழியின் பிரச்சினை. தொடர்ந்து இழுபட்டால் முடிக்குழி முதலில் புண்படும், பிறகு சோர்ந்துபோகும், கடைசியில் தழும்பாகிவிடும். ஆரம்பத்தில் நிறுத்தினால் முடி திரும்ப வளரும். தழும்பான பிறகு வளராது.

முதல் அறிகுறி வலி. முறுக்கிய அன்றிரவு தலையணையில் தலை வைக்க முடியவில்லை, புருவத்தைத் தூக்கினால் தோல் இழுக்கிறது, சடையின் அடியில் சின்னச் சின்னப் பருக்கள் வருகின்றன என்றால் இறுக்கம் அதிகம். 'புதுசா முறுக்கினா அப்படித்தான் இருக்கும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், முறுக்கியவரே சொன்னாலும். வெதுவெதுப்பான தண்ணீரை வேரில் தெளித்து விரலால் மெல்லத் தளர்த்திவிடுங்கள். அடுத்த கட்டத்தில் நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் முடி அடர்த்தி குறையும். விளிம்பில் மட்டும் குட்டை முடிகள் ஒரு வரிசையாக மிஞ்சி நிற்கும்.

செய்ய வேண்டியவை: உயரக் கொண்டையை நிறுத்துவது, ஓரச் சடைகளைக் கட்டாமல் விடுவது, முறுக்கும் இடைவெளியை எட்டு வாரமாக நீட்டுவது, வேரில் ஒரு சென்டிமீட்டராவது தளர்வாக விடுவது. சடை நீளமும் கனமுமாக இருந்தால் நுனியைக் கொஞ்சம் வெட்டிப் பாரத்தைக் குறைக்கலாம். தண்ணீரை உறிஞ்சிய சடை எவ்வளவு கனக்கும் என்று குளித்தவருக்குத் தெரியும். நூல்போல ஆகிவிட்ட வேரைப் பக்கத்துச் சடையோடு சேர்த்து ஒன்றாக்கினால் பாரம் இரண்டு வேருக்கும் பகிரும்.

வட்டமாக, வழுவழுவென்று ஓரிடத்தில் மட்டும் முடி போயிருந்தாலோ, உச்சி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பரவினாலோ அது இழுப்பால் வந்தது மட்டுமாக இருக்காது. காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

வேரில் ஓட்டை, இரண்டாகப் பிளந்த மாதிரி

இன்டர்லாக் செய்பவர்களுக்கு, அதாவது முறுக்காமல் சடை நுனியை வேருக்குள் நுழைத்து இறுக்குபவர்களுக்கு வருவது. நுனியை வேருக்குள் நுழைத்து இழுக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் திசை மாற வேண்டும்: மேலிருந்து கீழ், வலமிருந்து இடம், கீழிருந்து மேல், இடமிருந்து வலம். ஒரே திசையில் திரும்பத் திரும்ப நுழைத்தால் அங்கே இடைவெளி விழும். கடைசிச் சில சுற்றுகளை மட்டும் மெல்ல அவிழ்த்து, திசை மாற்றிப் போட்டால் புதுப் பிளவு மூடும். பழையது இறுகிவிட்டிருந்தால் குரோஷே ஊசியால் இரு பக்க முடியையும் லேசாகக் கோக்கலாம். லேசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்: ஊசி ஒவ்வொரு குத்திலும் சில முடிகளை அறுக்கும்.

பக்கத்துச் சடைகள் ஒட்டிக்கொள்கின்றன

ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும், ஈரமாக இருக்கும்போதே, வேரில் விரலை விட்டுப் பிரித்துவிடுங்கள். கொஞ்சம் ஒட்டியதைப் பிரிக்கலாம். பல மாதம் சேர்ந்து வளர்ந்ததைக் கிழித்தால் இரண்டும் மெலியும், அதைவிட ஒன்றாகவே விட்டுவிடலாம். வேண்டுமென்றே சேர விடுபவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் ரசனை.

நடுவில் ஓரிடம் மெலிந்து, அறுந்துவிடும்போல இருக்கிறது

இந்த இடத்தில் அளவுகோல் எடுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும் என்பதால், மெலிந்த இடம் தோலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தால் அது எப்போது நடந்தது என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். சடை சுருங்குவதால் கணக்கைவிடக் கொஞ்சம் முன்னாலேயே நடந்திருக்கும். எல்லாச் சடையிலும் ஒரே உயரத்தில் மெலிவு இருந்தால் அந்தச் சமயத்தில் உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது: கடுமையான காய்ச்சல், பிரசவம், திடீர் எடை இழப்பு போன்றவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்வது சாதாரணம். ஓரிரண்டு சடையில் மட்டும் என்றால் ரப்பர் பேண்டோ, ப்ளீச்சோ, ஒரே இடத்தில் கட்டும் கொண்டையோ காரணம்.

மெலிவு மேலோட்டமாக இருந்தால், உள்ளங்கைகளுக்கு நடுவே சடையை உருட்டும்போது அருகிலுள்ள தளர்ந்த முடியை அந்த இடத்தில் சுற்றிவிட்டால் போதும். நூலளவு ஆகிவிட்டால் உதிர்ந்த உங்கள் முடியையே அல்லது மனித முடி இழையை ஊசியால் சுற்றிலும் கோத்து ஒட்டுப்போடலாம். ஏற்கெனவே அறுந்துவிட்டதா? துண்டைத் தூக்கி எறியாதீர்கள், கைதேர்ந்தவர் திரும்பப் பொருத்துவார்.

நீளம் குறைந்துகொண்டே வருகிறது

உள்ளே முடி மடிந்து இறுகுவதால் சடை குட்டையாகித் தடிக்கிறது. நல்ல அறிகுறி, செய்வதற்கு ஒன்றுமில்லை. நுனி மூடாமல் சுருளாகத் தொங்குவதும் இப்படித்தான். சுருட்டை முடியில் அது பல வருடம் அப்படியே இருக்கும், பிடிக்கவில்லை என்றால் மட்டும் நுனியை மழுங்க வெட்டலாம்.

போதும், எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது

மொட்டையடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. நிறையப் பொறுமை இருந்தால் பிரிக்கலாம். முதலில் படிவு நீக்கக் கழுவுங்கள். அதுவரை ஒதுக்கி வைத்த கண்டிஷனருக்கு இப்போதுதான் வேலை: சடையை நன்றாக நனைத்து, தாராளமாகப் பூசி, நுனியிலிருந்து மேல்நோக்கி உலோக வால் சீப்பின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். நீளமான பழைய சடையானால் நுனிப் பாதியை வெட்டிவிட்டு மீதியைப் பிரிப்பது உத்தமம். மொத்தத் தலைக்கும் பல நாள் பிடிக்கும், கூட ஒருவர் உதவிக்கு இருந்தால் நல்லது.

பிரிக்கும்போது கைநிறைய, கூடைநிறைய முடி வரும். பயப்படாதீர்கள். ஒரு நாளைக்கு 100 என்று வைத்தால் ஒரு வருடத்தில் உதிர்ந்தது மட்டுமே 36,500 முடி, அத்தனையும் உள்ளேதான் இருந்தது. பிரித்து முடித்த தலைமுடி நீங்கள் நினைத்ததைவிட மெல்லியதாகத் தெரியும். இரண்டு மூன்று வாரம் சாயமோ சூடோ எதுவும் வேண்டாம், அதன் பிறகு நுனியை வெட்டிச் சீராக்கிக்கொள்ளுங்கள்.